‘நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது’: ஆரால், எப்ப, எந்தக் கிணத்தடியில்?

பாராளுமன்றம் கூடுகிற நாள்களில் எங்கட கைபேசிகளுக்கு வந்து சேருகிற காணொளித் துண்டுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் இருக்கும். வடக்கிலோ கிழக்கிலோ தெரிவான உறுப்பினர் ஒருவர் எழும்பி நிற்பார். மணல் அகழ்வு, நிலத்தடி நீர், காடழிப்பு, குப்பைமேடு என்று ஏதோ ஒன்றைப் பற்றிக் கேட்பார. எதிர்ப்பக்கத்தில் சுற்றாடல் அமைச்சரோ, அவருக்குப் பதிலாக இன்னொருவரோ எழும்பி ஒரு கடதாசியைப் பார்த்து வாசிப்பார். இரண்டு மூன்று நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். துண்டின் தலைப்பில் ‘அமைச்சரைத் திணறடித்த எம்.பி.’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். முழுக் காணொளியையும் பார்த்தால் அமைச்சர் திணறியிருக்கவே மாட்டார். வாசிச்சு முடிச்சிட்டு, தண்ணி குடிச்சிட்டு இருந்திருப்பார்.

அவர் ஏன் திணறவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் விசயம். அமைச்சர் கெட்டிக்காரர் என்பதால் இல்லை. எங்கட பாராளுமன்றத்தில் சுற்றாடல் பற்றிய கேள்விக்குப் பிழையாகவோ அரைகுறையாகவோ பதில் சொல்வதால் எவருக்கும் எந்த நட்டமும் வராது. நட்டம் வருவது கிணற்றுக்குச் சொந்தக்காரருக்கும் கரைவலைக்காரருக்கும் மட்டும்தான்.

எழுவாய் இல்லாத வசனம்

‘நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது.’ சிங்களத்தில் வாசித்தாலும் தமிழில் செய்தியாக வந்தாலும் கடைசியில் மிஞ்சுவது இந்த வசனம்தான். பள்ளிக்கூடத்தில் எங்களுக்குத் தமிழ் படிப்பித்த எந்த ரீச்சரும் இதை ஒருமுறையாவது நிறுத்தி வாசித்திருப்பார். எடுப்பது ஆர்? வசனத்தில் ஆள் இல்லை. எப்போது எடுத்து முடியும்? ‘வருகிறது’ என்று இருக்கிறதே தவிர, வந்து சேர்ந்ததாக இல்லை. எங்கே? இடமும் இல்லை. ஆளும் நாளும் இடமும் இல்லாத ஒரு வசனத்தை எவரும் பிழையென்று நிரூபிக்க ஏலாது. பத்து வருசம் கழித்து அதே அமைச்சின் இன்னொரு அமைச்சர் அதே வசனத்தை வாசித்தாலும் அது அப்போதும் ‘உண்மையாகவே’ இருக்கும்.

இதற்கு அண்ணன் தம்பி முறையில் இன்னும் நாலைந்து பதில்கள் உண்டு. முதலாவது, கால அவகாசம் கேட்பது. கேள்வி பல நாள்களுக்கு முன்பே எழுத்தில் போயிருக்கும். ஆனாலும் ‘இரண்டு வாரம் தாருங்கள்’, ‘ஒரு மாதம் தாருங்கள்’ என்று சொல்லலாம். இரண்டாவது, ‘விடையைச் சபாபீடத்தில் சமர்ப்பிக்கிறேன்’ என்று சொல்லிக் கடதாசியைக் கொடுத்துவிட்டு அமர்வது. மூன்றாவது, ‘அது எனது அமைச்சுக்குரிய விடயம் அல்ல’. மணல் என்றால் புவிச்சரிதவியல் பணியகம், கடற்கரை என்றால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம், காடு என்றால் வனத் திணைக்களம், குப்பை என்றால் உள்ளூராட்சி. இலங்கையில் ஒரு கிண்ணியா மணல்மேட்டையோ ஒரு முல்லைத்தீவுக் காட்டையோ முழுதாகத் தனக்குரியதென்று ஒப்புக்கொள்ளும் அமைச்சு ஒன்றைக் கண்டுபிடிப்பது லேசான வேலை இல்லை. நான்காவது, ‘குழு நியமிக்கப்பட்டுள்ளது’. ஐந்தாவது, ‘சுற்றாடல் தாக்க மதிப்பீடு பெறப்பட்டுள்ளது’. கடைசி, எல்லாவற்றிலும் பலமானது: ‘விடயம் நீதிமன்றத்தில் உள்ளது, கருத்துச் சொல்ல முடியாது’.

இந்த ஆறில் எதுவும் பொய் இல்லை என்பதைக் கவனியுங்கோ. அதுதான் இதின்ர கெட்டித்தனம்.

சுண்ணாகத்தில் கிணறு கேட்ட கேள்வி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஓடுகிற ஆறு கிடையாது. மழை பெய்து, சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, கடல் உப்புத்தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிற நன்னீர்தான் எங்கட குடிதண்ணீர், தோட்டத்தண்ணீர் எல்லாம். சுண்ணாம்புக்கல் வெடிப்பும் குகையுமான பாறை. மேலே ஊற்றுவது கீழே போகும். ஒரு வளவில் ஊற்றினது அடுத்த குறிச்சிக் கிணற்றில் எழும்பும். இது விஞ்ஞானிகள் வந்து சொல்ல வேண்டிய விசயம்கூட இல்லை. வலிகாமத்தில் கிணறு இறைத்த எந்தக் கிழவருக்கும் தெரியும்.

சுண்ணாகம் அனல் மின் நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் ஒயில் மிதக்கிறதென்று சனம் சொல்லத் தொடங்கியபோது, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 150 கிணறுகளைச் சோதித்தது. பாதிக்கும் மேற்பட்டவற்றில் எண்ணெயும் கிறீசும் அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டியிருந்தன. சனம் தெருவுக்கு வந்தது. பவுசரில் தண்ணீர் வந்தது. அப்போது வடக்கு மாகாண சபையும் தன் பங்குக்கு ஒரு நிபுணர் குழுவை நியமித்தது. அந்தக் குழு சொன்னது நீர் வழங்கல் சபையின் சோதனை முடிவோடு ஒத்துப்போகவில்லை. ஒரே கிணறு, ஒரு அரச நிறுவனம் குடிக்காதே என்கிறது, இன்னொன்று பயப்பட ஒன்றுமில்லை என்ற தொனியில் பேசுகிறது. கிணத்தடியில் வாளியோட நிக்கிற ஆள் என்ன செய்யிறது? குழந்தைக்குப் பால்மா கரைக்கிறதா, விடுறதா?

கொழும்பை மட்டும் திட்டிவிட்டுப் போக எங்களுக்கும் ஆசைதான். ஆனால் சுண்ணாகம் அதற்கு இடம் தராது. எழுவாய் இல்லாத வசனம் பேச எங்கட ஆக்களுக்கும் நன்றாகத் தெரியும் என்பதைக் காட்டிய இடம் அது. நாங்களே வாக்குப்போட்டுக் கொண்டுவந்த முதல் மாகாண சபை, தன் மண்ணின் தண்ணீரைப் பற்றி நேராகக் கேட்கப்பட்டபோது செய்த முதல் வேலைகளில் ஒன்று குழு போட்டது.

பிறகு பதில் எங்கேயிருந்து வந்தது? தெற்கைச் சேர்ந்த சுற்றாடல் செயற்பாட்டாளர் ஒருவர் 2015 இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு தாக்கல் செய்தார். 2019 ஏப்ரல் 4 அன்று தீர்ப்பு வந்தது. நிலத்தடி நீர் மாசுக்கு அங்கே இயங்கிய தனியார் மின் உற்பத்தி நிறுவனமே பொறுப்பு என்று நீதிமன்றம் சொன்னது. மாசுபடுத்தியவரே செலவைச் சுமக்க வேண்டும் என்ற கோட்பாட்டின்படி 2 கோடி ரூபா இழப்பீடு கட்டச் சொன்னது. மேற்பார்வை செய்ய வேண்டிய அரச நிறுவனங்கள் தங்கள் கடமையைச் செய்யவில்லை என்பதையும் சொன்னது.

2 கோடி காணுமா என்பது வேறு கேள்வி. எங்களுக்கு முக்கியமாகப் படுவது இது: அந்தத் தீர்ப்பில் எழுவாய் இருக்கிறது. இன்னார் மாசுபடுத்தினார், இன்னார் கட்ட வேண்டும், இவ்வளவு கட்ட வேண்டும். பாராளுமன்றத்திலும் மாகாண சபையிலும் வருசக்கணக்காக வராத அந்த மூன்று விசயமும் நீதிமன்றத்தில் வந்தது.

சபையில் கேள்வி, நீதிமன்றத்தில் பதில்

இது சுண்ணாகத்துக்கு மட்டும் நடந்த விசேசம் இல்லை. 2021 மே 20 அன்று கொழும்புக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலில் தீப்பிடித்தது. 1,486 கொள்கலன்கள், அதில் 25 தொன் நைத்திரிக் அமிலம், கூடவே சாக்குச் சாக்காகப் பிளாஸ்திக் மணிகள். ஜூன் தொடக்கத்தில் கப்பல் அமிழ்ந்தது. கரையெல்லாம் பிளாஸ்திக் மணி குவிந்தது, செத்த ஆமைகள் ஒதுங்கின, மேற்குக் கரை மீனவர் வலையைச் சுருட்டி வைத்தனர். சபையில் எத்தனையோ தரம் இது பற்றிப் பேச்சு நடந்தது. ஆர் பொறுப்பு, எவ்வளவு நட்டம் என்பதற்கு இந்த நாட்டில் தெளிவான பதில் கிடைத்தது 2025 ஜூலை 24 அன்று, அதுவும் உயர் நீதிமன்றத்தில். 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு. பணம் வந்து சேருவது தனிக்கதை. ஆனால் இங்கேயும் பாருங்கோ: நாலு வருசம், பிறகு நீதிமன்றம்.

ஏன் இப்படி? இரண்டு இடத்திலும் பேசுவது ஒரே திணைக்களம்தானே, ஒரே கோப்புத்தானே? நாங்கள் விளங்கிக்கொண்ட அளவில் வித்தியாசம் இதுதான்.

நீதிமன்றத்தில் அதிகாரி சத்தியக்கடதாசி கொடுக்க வேண்டும். பெயர், பதவி, திகதி, கையெழுத்து. இணைக்கிற ஆவணத்துக்கு இலக்கம் போட வேண்டும். எதிர்த்தரப்பு அதைக் கிழித்துப் பார்க்கும். பொய் சொன்னால் அது தண்டனைக்குரிய குற்றம். பாராளுமன்றத்திலோ உறுப்பினர் பேசுவதை வெளியே எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்குட்படுத்த ஏலாது. 1953 இன் சிறப்புரிமைச் சட்டம் அந்தப் பாதுகாப்பைக் கொடுக்கிறது. அந்தப் பாதுகாப்பு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் சிறுபான்மை உறுப்பினர் ஒருவர் சபையில் வாயே திறக்க முடியாத காலங்கள் எங்கட வரலாற்றில் இருந்திருக்கின்றன. ஆனால் அதிகாரமில்லாதவர் பயமின்றிக் கேட்பதற்காக வைத்த வேலி, அதிகாரம் உள்ளவர் பொறுப்பின்றிப் பதில் சொல்வதற்கும் நிழல் கொடுக்கிறது. அமைச்சர் சபையைப் பிழையாக வழிநடத்தினால் சபைதான் விசாரிக்க வேண்டும். சபையில் பெரும்பான்மை ஆரின்ர பக்கம் எண்டு சொல்லத் தேவையில்லை.

ஒரே ஒரு தரம் பாராளுமன்றக் கட்டடத்துக்குள் எழுவாயோடு ஒரு பதில் வந்தது. 2022 ஜூன் 10 அன்று கோப் குழுவில், மன்னார் காற்றாலைத் திட்டம் அதானி நிறுவனத்துக்குப் போனது பற்றிக் கேட்டபோது, அப்போதைய இலங்கை மின்சார சபைத் தலைவர் ஆள் பெயரோடு பதில் சொன்னார்: இந்தியப் பிரதமரின் அழுத்தம் என்று ஜனாதிபதி தன்னிடம் கூறியதாக. ஜனாதிபதி அதை மறுத்தார். அடுத்த நாளே தலைவர் தன் கூற்றைத் திரும்பப் பெற்றார். சில நாள்களுக்குள் பதவியையும் விட்டார். அவர் முதலில் சொன்னது உண்மையா, பிறகு சொன்னது உண்மையா என்பதை இங்கே நாங்கள் தீர்க்கப் போவதில்லை. ஆனால் அந்த அறையைப் பார்த்துக்கொண்டிருந்த மற்ற எல்லா அதிகாரிகளும் என்ன பாடம் படித்திருப்பார்கள்? எழுவாயோட பேசினா வேலை போகும். ‘எடுக்கப்பட்டு வருகிறது’ எண்டு சொன்னா ஓய்வூதியம் வரும்.

ஆருக்கும் வேண்டாத அமைச்சு

அமைச்சர்மாருக்குச் சுற்றாடல் அமைச்சு எப்படிப்பட்டது என்று பார்க்க 2023 ஒக்டோபரை எடுப்போம். அந்த மாதம் சுற்றாடல் அமைச்சராக இருந்தவர், கட்சியிலிருந்து நீக்கப்பட்டது செல்லும் என்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பால் தன் ஆசனத்தையே இழந்தார். காலியான கதிரைக்கு வந்தவர் ஆர்? மருந்துக் கொள்வனவு சர்ச்சையில் நாடே கேள்வி கேட்டுக்கொண்டிருந்த சுகாதார அமைச்சர். சுகாதாரத்திலிருந்து தூக்கிச் சுற்றாடலில் வைத்தார்கள். 2024 பெப்ரவரி தொடக்கத்தில் அவர் அந்த மருந்து வழக்கிலேயே கைதானார், பதவி விலகினார். நாலு மாதம். அந்த நாலு மாதத்துக்குள் அமைச்சர் தன் கீழுள்ள நிறுவனங்களின் பெயர்களையாவது மனப்பாடம் செய்திருப்பாரா? ஒரு அரசாங்கம் இன்னொரு இடத்தில் வைக்க முடியாதவரை எங்கே வைக்கிறதோ, அந்த இடத்தை அது எப்படி மதிக்கிறது என்பது விளங்கும்.

அரசியலமைப்பும் இதற்கு ஒத்தாசைதான். சமூகத்தின் நன்மைக்காக அரசு சுற்றாடலைப் பாதுகாத்து, பேணி, மேம்படுத்த வேண்டும் என்று 27(14) ஆம் உறுப்புரை சொல்கிறது. வாசிக்க நெஞ்சு நிறையும். இரண்டு உறுப்புரை தள்ளி, 29 இல், இவை எந்தச் சட்ட உரிமையையும் தராது, எந்த நீதிமன்றிலும் வலியுறுத்த முடியாது என்று இருக்கிறது. அதனால்தான் சுண்ணாகக் கிணற்றுக்காக வழக்குப் போட்டவர் சமத்துவ உரிமையின் கதவால் உள்ளே போக வேண்டியிருந்தது. சுத்தமான தண்ணீர் கேட்க நேர்வழி ஒன்று எங்கட அரசியலமைப்பில் இல்லை.

‘சுற்றாடல் தாக்க மதிப்பீடு பெறப்பட்டுள்ளது’

இப்போது மன்னாருக்கு வருவோம். இதைத் தட்டிக்கழித்துப் போக எங்களுக்கு வசதியில்லை. ஏனென்றால் மன்னாரில் எதிர்த்தரப்பின் வாதத்தில் சாரம் இருக்கிறது.

காற்றாலை தேவை. சுண்ணாகத்தில் எண்ணெய் எரித்து மின்சாரம் எடுத்ததால் என்ன நடந்ததென்று மேலே சொன்ன நாங்களே, காற்றில் மின்சாரம் எடுப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு எதிர்க்க முடியாது. நுரைச்சோலையில் நிலக்கரி எரித்துக்கொண்டு காலநிலை பற்றிப் பேசுவதும் ஞாயமில்லை. எங்களுக்குள்ளேயே இதில் இரண்டு கருத்து இருந்தது, இப்பவும் இருக்கு.

ஆனால் மன்னார்ச் சனம் கேட்ட கேள்வி ‘காற்றாலை நல்லதா கெட்டதா’ என்பது இல்லை. 2020 டிசெம்பரில் திறந்த தம்பபவனியில் 30 காற்றாலைகள், 103.5 மெகாவாற் ஏற்கெனவே தீவின் தென்கரையில் நிற்கின்றன. அவற்றுக்காகப் போட்ட வீதிகளும் மேடைகளும் வந்த பிறகு மழைவெள்ளம் முந்தி ஓடின வழியால் ஓடவில்லை என்கிறது சனம். கரைவலை இழுக்கிற பாட்டில் மாற்றம் என்கிறது. மத்திய ஆசியப் பறவைகள் வலசை வருகிற பாதை அது. பக்கத்தில் வங்காலைச் சரணாலயம் 2010 முதல் ராம்சார் ஈரநிலம். அதற்குள் கனிம மணலுக்கும் ஆக்கள் துளை போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே கேள்வி இதுதான்: இந்த ஒடுங்கின மணல் தீவு மொத்தமாக எவ்வளவைத் தாங்கும்? அந்தக் கணக்கை ஆர் பார்த்தது?

இதற்கு ‘சுற்றாடல் தாக்க மதிப்பீடு பெறப்பட்டுள்ளது’ என்பது பதில் ஆகாது. மதிப்பீட்டைச் செய்யும் நிபுணர்களுக்குக் கூலி கொடுப்பது திட்டத்தைக் கொண்டுவருபவர். மதிப்பீடு பெரும்பாலும் ஒரு திட்டத்தைத் தனியாக எடுத்துப் பார்க்கும். முதல் முப்பதோடு அடுத்த பத்துப் பதினைந்து, அதோடு மணல் அகழ்வு, எல்லாம் சேர்ந்தால் என்ன என்று கேட்பது கடைசி அத்தியாயத்தில் ஒரு பந்தியாக முடிந்துவிடும். பொதுமக்கள் கருத்துச் சொல்லச் சட்டம் தருவது 30 நாள். நூற்றுக்கணக்கான பக்கத்தை, அதில் தொழினுட்ப இணைப்புகள் ஆங்கிலத்தில் இருக்க, பேசாலையில் வலை பின்னுகிற ஒருவர் 30 நாளுக்குள் வாசித்து, விளங்கி, எழுத்தில் ஆட்சேபம் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் ‘ஆட்சேபம் கிடைக்கவில்லை’ என்று எழுதப்படும். பிறகு அது சபையில் வாசிக்கப்படும்.

2025 பெப்ரவரியில் அதானி நிறுவனம் தானாகவே விலகியது. ஆனால் வேறு நிறுவனங்களின் காற்றாலைகள் வந்தன. ஓகஸ்ட்டில் சனம் இரவு பகலாக வீதியில் இருந்தது. ஜனாதிபதி ஒரு மாதம் வேலைகளை நிறுத்தச் சொன்னார். அந்த ஒரு மாதம் நல்ல சந்தர்ப்பமாக இருந்திருக்கலாம். வெள்ளம் ஓடும் வழியை அளந்து, ஒவ்வொரு கிராமத்திலும் தமிழில் வைத்து, இதோ எங்கட கணக்கு, பிழையெண்டால் சொல்லுங்கோ என்று கேட்டிருக்கலாம். செப்டெம்பர் இறுதியில் காற்றாலைப் பாகங்கள் பொலிஸ் பாதுகாப்போடு தீவுக்குள் வந்தபோது, வழிமறித்த பெண்களையும் மதகுருமாரையும் பொலிஸார் பலம் பாவித்து அகற்றினார்கள். முந்தைய அரசாங்கங்கள் எல்லாம் ஊழல், நாங்கள் வேறு என்று சொல்லி வந்த அரசாங்கம் இது. வடக்கில் வரலாறு காணாத வாக்கும் எடுத்தது. எங்களில் சிலரும் அதற்கு வாக்குப் போட்டவர்கள். ஆகவே உரிமையோட கேக்கிறம்: வேறு எண்டா, பதிலில எங்க வேறு?

எங்கட பக்கத்துக் கணக்கு

அமைச்சரை மட்டும் குற்றம் சொல்லி முடித்தால் நாங்களும் அந்தக் காணொளித் துண்டு போடுபவர்களின் பக்கத்தில் போய் நிற்போம்.

எங்கட உறுப்பினர்களில் கனபேர் கேட்கும் கேள்வியைப் பாருங்கோ. ‘வடக்கில் சுற்றாடல் அழிக்கப்படுவதை அமைச்சர் அறிவாரா?’ அறிவார் என்று சொன்னால் முடிந்தது. பெரிய கேள்விக்குப் பெரிய மழுப்பல் லேசு. சின்னக் கேள்விக்கு மழுப்புவது கஷ்டம். இன்ன பிரதேச செயலாளர் பிரிவில், இன்ன ஆற்றுப்படுக்கையில், இந்த வருசம் எத்தனை மணல் அனுமதி கொடுக்கப்பட்டது, எத்தனை கியூப், எத்தனை தரம் அதிகாரி களத்துக்குப் போனார், போன திகதிகள் எவை? இப்படிக் கேட்டால் ‘எடுக்கப்பட்டு வருகிறது’ என்று சொல்ல வழியில்லை. ஆனால் இப்படிக் கேட்க வீட்டுப்பாடம் வேண்டும், களத்துக்குப் போக வேண்டும். அதில கைதட்டு வராது.

கேட்ட பிறகும் வேலை முடியாது. ஹன்சாட்டில் ஒவ்வொருவர் பேச்சும் அவர் பேசிய மொழியிலேயே அச்சாகும். சபைக்குள் உரைபெயர்ப்பு உண்டு. ஆனால் பதிவில் அமைச்சரின் சிங்களப் பதில் சிங்களமாகவே கிடக்கும். தன் கிணற்றைப் பற்றி அரசாங்கம் எழுத்தில் என்ன சொன்னது என்பதை வாசிக்க முடியாத நிலையில்தான் ஏழாலையில் உள்ள ஒருவர் இருக்கிறார். கேள்வி கேட்ட உறுப்பினர் அந்தப் பதிலைத் தமிழாக்கி, தன் பக்கத்திலும் பிரதேச சபை அறிவித்தல் பலகையிலும் போட எவ்வளவு செலவு? காணொளிக்குப் பின்னணி இசை போடுகிற பிள்ளையிடமே அந்த வேலையைக் கொடுக்கலாம்.

நாங்களும் சுத்தம் இல்லை. துண்டைப் பார்த்தோம், சிரித்தோம், பகிர்ந்தோம். ஆறு மாதம் கழித்து அந்தக் குழு அறிக்கை எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. இந்தக் கட்டுரைக்காக உட்கார்ந்தபோதுதான், எங்களில் ஒருவரிடமும் ஒரு சுற்றாடல் வாக்குறுதியின் திகதிகூடக் கையில் இல்லை என்று தெரிந்தது. வெக்கமாத்தான் இருந்தது.

நாங்கள் கேட்பது

இந்திய மக்களவையில் அமைச்சர்கள் சபையில் கொடுக்கிற வாக்குறுதிகளைப் பட்டியல் போட்டு, நிறைவேறினதா இல்லையா என்று பார்க்க 1953 முதல் ஒரு குழு இருக்கிறது. அது அங்கே எல்லாவற்றையும் திருத்திவிடவில்லை. ஆனால் ‘பரிசீலிக்கிறோம்’ என்று சொன்னதும் ஒரு பட்டியலில் ஏறும் என்பதே ஒரு கட்டுப்பாடு. அப்படி ஒரு பட்டியல், மூன்று மொழியிலும், எவரும் பார்க்கக்கூடியதாக, எங்கட பாராளுமன்றத்தின் இணையத்தளத்தில் வேண்டும். சுற்றாடலிலிருந்து தொடங்கட்டும். ஒவ்வொரு வரியிலும் நாலு விசயம்: ஆர் செய்வார், எப்போதைக்குள், எங்கே, எவ்வளவு காசில். நாலில் ஒன்று விடுபட்டால் அது பதிலாகக் கணக்கெடுக்கப்படக் கூடாது. சபாநாயகர் திருப்பி அனுப்ப வேண்டும்.

இரண்டாவது, கிணறு, கடல், காடு பற்றி ஒரு அரச நிறுவனம் செய்த எந்தச் சோதனையின் முடிவும் அந்தக் கிணற்றடியில், அந்த மொழியில், முதலில் ஒட்டப்பட வேண்டும். அமைச்சர் சபையில் வாசிப்பது அதற்குப் பிறகு.

அது வரும்வரை சும்மா இருக்கப் போவதில்லை. 2016 இன் தகவலறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. அதிகார சபைகள் 14 வேலைநாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். அந்த விண்ணப்பத்தை நீங்கள் தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. பாராளுமன்றத்தில் தப்பிய கேள்வி அங்கே ஒரு அதிகாரியின் பெயரோடும் கையெழுத்தோடும் திரும்பி வரும். வராவிட்டால் மேன்முறையீடு உண்டு, ஆணைக்குழு உண்டு.

நாங்கள் ஒரு கொப்பி வாங்கியிருக்கிறோம். சாதாரண 80 தாள் சி.ஆர். கொப்பி. இடப்பக்கத்தில் சபையில் சொன்னது, சொன்னவர், திகதி. வலப்பக்கம் வெறுமையாக இருக்கிறது. அங்கே நடந்ததை எழுதுவோம். முதல் பக்கத்தில் சுண்ணாகம், இரண்டாம் பக்கத்தில் மன்னார். மூன்றாம் பக்கம் உங்கட ஊருக்கு. மணலா, கல்குவாரியா, இறால் பண்ணையா, குப்பையா எண்டு எழுதி அனுப்புங்கோ. ஆனால் ‘எங்கட சுற்றாடல் அழியுது’ எண்டு மட்டும் எழுதாதேங்கோ. எந்த வாய்க்கால், எந்த மாசம், எத்தனை டிப்பர் எண்டு எழுதுங்கோ. கேள்விக்கு எழுவாய் இருந்தால்தான் பதிலுக்கும் எழுவாய் கேட்கலாம்.